‘தி கெய்ன் மியூட்டினி’ படிக்க ஒரு நோட்டும் பென்சிலும்

ஹெர்மன் வோக் எழுதிய ‘தி கெய்ன் மியூட்டினி’யைப் பாதியில் மூடிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் மூடியிருக்கிறார்கள். “போர்க்கப்பல் கதை என்று சொன்னாய், இங்கே ஒரு பணக்கார வீட்டுப் பையன் பியானோ வாசித்துக்கொண்டு ஒரு பெண் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறான், கப்பலையே காணோம்” என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான், கப்பல் வரக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் அதிகாரம் ஒருவனை என்ன செய்யும், அவனுக்குக் கீழே இருப்பவர்களை என்ன செய்யும் என்பதை இவ்வளவு கிட்டத்திலிருந்து காட்டிய நாவல்கள் குறைவு. அதை நீங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காக, மூன்று முறை படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

கதையின் முடிச்சைச் சொல்வதால் ஒன்றும் கெட்டுவிடாது, புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருக்கும். இரண்டாம் உலகப் போர். பசிபிக் பெருங்கடலில் ‘கெய்ன்’ என்ற பழைய அமெரிக்கக் கப்பல். அதன் கேப்டன் குவீக். ஒரு பெரும் புயலின் நடுவே, இவர் கப்பலை மூழ்கடித்துவிடுவார் என்று முடிவு செய்து, அவருக்கு அடுத்த நிலை அதிகாரி அவரைப் பதவியிலிருந்து விலக்கிவிடுகிறார். பிறகு கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை. 1951-ல் வெளியான இந்த நாவலுக்கு 1952-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. வோக் கற்பனையில் மட்டும் கப்பலோட்டியவர் அல்ல. ‘ஸேன்’, ‘சதர்ட்’ என்ற இரண்டு கப்பல்களில் அதே பசிபிக் போரில் அதிகாரியாக இருந்தவர். அந்த இரண்டும் ‘கெய்ன்’ மாதிரியே, பழைய நாசகாரிக் கப்பலைக் கண்ணிவெடி வாருவதற்காக மாற்றியமைத்தவை.

எதைக் கையில் எடுப்பது

நாவலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே கதை 1954-ல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த படமாகவும், அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகமாகவும் வந்தது. படம் இரண்டு மணி நேரம்தான், நாடகம் அதைவிடச் சின்னது, அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். நாடகத்தில் கோர்ட் மார்ஷலும் அதற்குப் பிந்தைய விருந்தும் மட்டும்தான். அங்கே குவீக்கை நீங்கள் முதல்முதலாகப் பார்ப்பதே சாட்சிக் கூண்டில். நாவலில் அவரோடு மாதக்கணக்கில் ஒரே கப்பலில் வெயிலில் வெந்த பிறகு அந்தக் கூண்டுக்கு வருகிறீர்கள். அந்த மாதக்கணக்குதான் நாவல்.

ஆங்கிலம் கடினமில்லை. வோக் போருக்கு முன்னால் வானொலிக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர், வாக்கியங்கள் தடங்கலில்லாமல் ஓடும். திணறவைப்பது கடற்படைச் சொற்கள்தான். பதிப்பைப் பொறுத்து ஐந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் என்று வைத்தால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

அரை மணி நேரம் கப்பலோடு பழகுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஐந்து விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். அகராதியைப் புரட்டிக்கொண்டே படிக்கத் தேவையிருக்காது.

ஒன்று, ‘கேப்டன்’ என்ற சொல்லுக்குக் கடற்படையில் இரண்டு அர்த்தம். அது ஒரு பதவித் தரம், கமாண்டருக்கு மேலே வருவது. அதே சமயம், எந்தத் தரத்தில் இருந்தாலும் ஒரு கப்பலின் தலைவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். குவீக்கின் தரம் லெப்டினன்ட் கமாண்டர்தான். ஆனால் ‘கெய்ன்’ கப்பலில் அவர் கேப்டன். முதல்முறை படித்தபோது இது எனக்குப் புரியாமல், யாரோ இரண்டு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பத்துப் பக்கம் பின்னால் போய்ப் பார்த்தேன். தரங்களைக் கீழிருந்து மேலாக ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: என்சைன், ஜூனியர் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன். கதாநாயகன் வில்லி கீத் கப்பலேறும்போது என்சைன், அதாவது அடிமட்ட அதிகாரி.

இரண்டு, எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் என்றால் கேப்டனுக்கு அடுத்த ஆள். கேப்டன் சொல்வதை நடத்திக் காட்டும் பொறுப்பு அவருடையது. புயல் வரும்போது அந்த இடத்தில் இருப்பவர் ஸ்டீவ் மேரிக். சான் ஃபிரான்சிஸ்கோவில் மீன்பிடிப் படகுகளில் வளர்ந்தவர். கடலைக் கையால் அறிந்தவர், பேச்சில் சாமர்த்தியம் போதாது. இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

மூன்று, அதிகாரிகளுக்குள்ளேயே இரண்டு சாதி உண்டு. அன்னாபொலிஸில் உள்ள கடற்படை அகாதமியில் படித்து, கடற்படையையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட நிரந்தரப் பணிக்காரர்கள் ஒரு பக்கம். போர் வந்ததும் சில மாதப் பயிற்சி பெற்று அதிகாரியான ரிசர்வ் ஆட்கள் மறுபக்கம். இவர்கள் வக்கீல், எழுத்தாளர், கல்லூரிப் பையன் என்று பல தினுசு. குவீக் முதல் வகை. மேரிக், வில்லி, கப்பலின் இன்னொரு அதிகாரியான கீஃபர் எல்லோரும் இரண்டாவது. சமாதானக் காலத்தில் குறைந்த சம்பளத்துக்கு, யாரும் மதிக்காத வேலையில் இருந்தவர்கள் மேல், போருக்காக மட்டும் வந்த படித்த பையன்களுக்கு இளக்காரம் உண்டு. நாவலின் ஆழத்தில் ஓடுகிற நீரோட்டம் இதுதான். முதல் நூறு பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது.

நான்கு, வார்ட்ரூம். அதிகாரிகள் சாப்பிட்டு, பேசி, புறணி பாடும் அறை. அலுவலகத்தில் டீ குடிக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியைப் பற்றிய எல்லா ‘உண்மை’களும் அங்கேதான் உருவாகின்றன.

ஐந்து, ‘ரிலீவ்’ என்ற சொல். நம் அரசு அலுவலகங்களிலும் “ரிலீவ் ஆகிவிட்டேன்” என்று சொல்வது வழக்கம்தானே, அதே சொல்தான். கப்பலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும்போது, புதிதாக வருபவர் பழையவரைப் பார்த்து “உங்களை ரிலீவ் செய்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பொறுப்பை வாங்கிக்கொள்வார். நாள்தோறும் நடக்கிற சாதாரணச் சடங்கு. புயலின் நடுவே மேரிக் கேப்டனைப் பார்த்துச் சொல்வதிலும் அதே சொல்தான் வருகிறது. அந்த இடத்துக்கு நீங்கள் வரும்போது, அந்தச் சொல்லை அதற்குள் எத்தனை தடவை சாதாரணமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பது நினைவுக்கு வந்தால் உடம்பு சிலிர்க்கும்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்

இந்த நாவலுக்கு ஒரு நோட்டு அவசியம். பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் என்ன நடந்தது. இரண்டாவதில் குவீக் அதற்கு என்ன காரணம் சொன்னார். மூன்றாவதில் இது நமக்கு யார் கண் வழியாக, யார் வாய் வழியாக வந்தது. அவ்வளவுதான்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, கதைக்குள்ளேயே இருக்கிறது. மேரிக் தன் கேப்டனைப் பற்றி ரகசியமாக ஒரு குறிப்பேடு எழுதுகிறார். தேதி போட்டு, சம்பவம் சம்பவமாக. அந்த ஏடு பின்னால் எவ்வளவு பெரிய பொருளாகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களும் அவரைப் போலவே ஒன்று எழுதிவந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் வரும். மேரிக்கின் ஏட்டில் இல்லாதது அந்த மூன்றாவது பத்திதான்.

முதல் பகுதி: பொறுமையாக, ஆனால் மெதுவாக அல்ல

நாவல் ஏழு பகுதிகள். முதல் பகுதி வில்லியைப் பற்றியது. நியூயார்க் பக்கத்துப் பணக்காரக் குடும்பம், செல்லம் கொடுத்துக் கெடுக்கும் அம்மா, பிரின்ஸ்டன் படிப்பு, இரவு விடுதியில் பியானோ. மே வின் என்ற பாடகியோடு காதல். அவள் பழக்கடை வைத்திருக்கும் இத்தாலியக் குடும்பத்துப் பெண் என்பதால் வில்லிக்குத் தயக்கம். கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் கடற்படைப் பயிற்சியும் இங்கேதான்.

இந்தப் பகுதியை வேகமாகப் படிக்கலாம். காதல் கதை நாவலின் பலவீனமான பாகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மே வின் ஓர் ஆளாக உயிர்பெறுவதைவிட வில்லி வளர்ந்துவிட்டானா என்று அளக்கும் அளவுகோலாகத்தான் வந்து போகிறாள். ஆனால் ஒரே ஒரு இடத்தில் நின்றே ஆக வேண்டும்: வில்லியின் அப்பா எழுதும் கடிதம். அவர் ஒரு டாக்டர். தான் வாழ நினைத்த வாழ்க்கையை வாழாமல் விட்டவர். அதை மகனிடம் முதலும் கடைசியுமாகச் சொல்லும் கடிதம். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி வையுங்கள், நாவலின் கடைசியில் திரும்ப வருவீர்கள்.

டி வ்ரீஸ்: முதல் பாடம்

வில்லி கப்பலில் ஏறும்போது கேப்டன் குவீக் அல்ல, டி வ்ரீஸ். கப்பல் முழுக்கத் துரு. மாலுமிகள் சட்டையில்லாமல் அழுக்காகத் திரிகிறார்கள். பயிற்சிப் பள்ளியில் சட்டைப் பொத்தானுக்கெல்லாம் மதிப்பெண் வெட்டு வாங்கிவந்த வில்லிக்கு இதைப் பார்த்து அருவருப்பு. டி வ்ரீஸை வெறுக்கிறான். நாமும் அவனோடு சேர்ந்து வெறுக்கிறோம்.

அப்போது ஒரு சின்ன சம்பவம். வில்லியிடம் ஓர் அவசரத் தந்தி கொடுக்கப்படுகிறது. கேப்டனிடம் சேர்க்க வேண்டியது. கால்சட்டைப் பையில் செருகுகிறான். பிறகு அந்தக் கால்சட்டையை மாற்றிவிட்டு மறந்தே போகிறான். தந்தி நாள் கணக்கில் அழுக்குத் துணியோடு கிடக்கிறது. போர்க்காலக் கப்பலில் இது சின்னத் தவறா? டி வ்ரீஸ் திட்டும்போது வில்லிக்குத் தன் தவறு உறைப்பதைவிடத் திட்டுவது யார் என்பதுதான் உறைக்கிறது. கொஞ்ச நாளில் குவீக் வருகிறார், சுத்தமாக உடுத்தி, விதிப்புத்தகத்தைக் கையில் பிடித்தபடி. வில்லிக்கு அப்பாடா என்று இருக்கிறது.

இந்த இடத்தில் நோட்டின் மூன்றாவது பத்தியில் நான் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தது இதுதான்: “வில்லியின் கண் நம்பத்தக்கது அல்ல.” டி வ்ரீஸ் விஷயத்தில் அவன் எவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டான் என்பது போகப்போகத் தெரியும். அப்படியென்றால் குவீக் விஷயத்தில் மட்டும் அவன் கணக்கு எப்படி முழுக்கச் சரியாக இருக்கும்?

குவீக்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

இழுவைக் கயிறு அறுந்த சம்பவத்தை இரண்டு முறை படியுங்கள். ‘கெய்ன்’ கப்பல் பீரங்கிப் பயிற்சிக்கான மிதக்கும் இலக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. கப்பலைத் திருப்பக் கட்டளை கொடுத்துவிட்டார் குவீக். அந்த நேரம் பார்த்து ஒரு மாலுமியின் சட்டை முனை கால்சட்டைக்கு வெளியே தொங்குவது அவர் கண்ணில் படுகிறது. அர்பன் என்ற சின்னப் பையன். அவனைப் பிடித்துக்கொள்கிறார். அவனுக்குப் பொறுப்பான அதிகாரிகளையும் கூப்பிட்டு வைத்துக் கத்துகிறார். கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கிறது. சுக்கான் பிடித்திருக்கும் ஸ்டில்வெல் கட்டளைப்படி திருப்பிக்கொண்டே இருக்கிறான். முழு வட்டம் அடித்து, தன் கயிற்றின் மேலேயே ஏறி, அதைக் கப்பல் அறுத்துவிடுகிறது. பிறகு குவீக் சொல்லும் காரணம்: கயிறு மட்டமான கயிறு.

முதல் பத்தி, இரண்டாம் பத்தி இரண்டும் தானாக நிரம்பிவிடும். நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: கப்பலைச் செலுத்தும் அந்த மேல்மேடையில் அப்போது எத்தனை பேர் நின்றிருந்தார்கள்? “சார், கப்பல் வட்டம் அடிக்கிறது” என்று உரக்கச் சொல்லி நிறுத்தியிருக்கக் கூடியவர்கள் யார் யார்? இடித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் கயிறு அறுகிறது. சொல்ல முடியாதபடி செய்தவர் குவீக் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து குவாஜலீன். மார்ஷல் தீவுகளில் அமெரிக்கப் படைகள் இறங்கியது 1944 ஜனவரி கடைசியில். நாவலில், கரையை நோக்கிப் போகும் தாக்குதல் படகுகளுக்கு ‘கெய்ன்’ வழிகாட்டிப் போக வேண்டும். அது படகுகளை விட்டு முன்னால் ஓடி, கடலில் ஒரு மஞ்சள் சாயப் பொட்டலத்தை அடையாளத்துக்குப் போட்டுவிட்டு, விலகிப்போய்விடுகிறது. அன்றிலிருந்து குவீக்குக்கு ஒரு பட்டப்பெயர், மஞ்சளை வைத்து. ஆங்கிலத்தில் மஞ்சள் கோழைத்தனத்தின் நிறம் என்பது தெரியாவிட்டால் அதன் குரூரம் பிடிபடாது. குவீக்கைக் கேலிப்பொருளாக்குவதில் முன்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள். டாம் கீஃபர். கப்பலில் உட்கார்ந்து நாவல் எழுதிக்கொண்டிருக்கும் புத்திசாலி. குவீக்குக்கு மனநோய் என்ற எண்ணத்தை மேரிக்கின் மனதில் விதைப்பவரும் இவரே. வோக் தானும் போர்க்கப்பலில் ஓய்வு நேரத்தில் நாவல் எழுதத் தொடங்கியவர் என்பதை நினைத்தால், தன் சொந்தத் தொழிலை இப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுக்க எவ்வளவு நேர்மை வேண்டும் என்று தோன்றுகிறது.

தண்ணீர் நிறுத்தம், கட்டாயச் சாராயக் கணக்கு என்று இன்னும் பல வரும். அவற்றை ஓட்டிவிட்டு ஸ்ட்ராபெர்ரியில் வந்து நில்லுங்கள்.

வார்ட்ரூமுக்காக வாங்கிய ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரியில் கொஞ்சம் குறைகிறது. குவீக் நள்ளிரவில் அதிகாரிகளைக் கூட்டுகிறார். பரிமாறிய கரண்டிக் கணக்கைச் சரிபார்க்க, பழத்துக்குப் பதில் மணலை அள்ளி அளந்து காட்டவைக்கிறார். யாரிடமோ கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவு கட்டி, கப்பல் முழுக்க ஆட்களின் உடைகளைக் களைந்து சோதனை போட்டு, எல்லாச் சாவியையும் சேர்க்கச் சொல்கிறார். படிக்கும்போது சிரிப்பு வரும், அப்புறம் சிரிப்பு நின்றுவிடும்.

இங்கே ஒரு விவரம் பலர் கண்ணில் படாமல் போகிறது. பல வருடங்களுக்கு முன், போருக்கு முந்தைய கடற்படையில், இளம் என்சைனாக இருந்தபோது குவீக் ஒரு சீஸ் திருட்டைத் துப்பறிந்து கண்டுபிடித்தார். அதிலும் கள்ளச்சாவிதான். அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. அதாவது, இன்று பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்லும் இதே காரியத்துக்குத்தான் அவர் வாழ்க்கையின் அரிதான பாராட்டு ஒன்று வந்திருக்கிறது. ஒரு நிறுவனம் ஒருவனுக்கு எதற்காக முதுகில் தட்டிக்கொடுத்ததோ, நெருக்கடியில் அவன் அதைத்தானே திரும்பச் செய்வான்? குவீக் கையில் எப்போதும் உருட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எஃகுக் குண்டுகளை எல்லோரும் கவனிப்பார்கள். நீங்கள் அந்தப் பாராட்டுக் கடிதத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

அதே காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் சந்தேகம் விழுவது வார்ட்ரூமில் பரிமாறும் கறுப்பின இளைஞர்கள் மேல். 1942 வரை அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் சமையல், பரிமாறும் வேலைகளிலேயே வைத்திருந்தது. அவர்கள் பேச்சை நாவல் எழுதியிருக்கும் விதம் இன்று படிக்கும்போது உறுத்தும். உறுத்தலைத் தாண்டிப் போகச் சொல்ல மாட்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் எவ்வளவு நுணுக்கமாக ஒருவரையொருவர் எடைபோட்டாலும், இவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை.

புயல்: ஒரே மூச்சில்

ஐந்தாம் பகுதியின் புயல் அத்தியாயங்களுக்கு ஓர் இரவை ஒதுக்குங்கள். இடையில் போனை எடுக்காதீர்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1944 டிசம்பர் 18 அன்று, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, அட்மிரல் ஹால்சியின் மூன்றாவது கப்பற்படை உண்மையாகவே ஒரு டைஃபூனில் மாட்டியது. ‘ஹல்’, ‘மோனகன்’, ‘ஸ்பென்ஸ்’ என்ற மூன்று நாசகாரிக் கப்பல்கள் கவிழ்ந்தன. கிட்டத்தட்ட 790 பேர் இறந்தார்கள். நாவலின் புயல் இதுதான். அந்த மேடையில் நடக்கும் வாக்குவாதம் வெறும் வீம்பு இல்லை.

வாக்குவாதம் என்ன? எரிபொருள் குறைந்து தொட்டிகள் காலியானால் கப்பலின் அடி லேசாகிவிடும், சாய்ந்தால் நிமிராது. கடல்நீரை நிரப்பிக் கனமாக்க வேண்டும் என்கிறார் மேரிக். படகில் வளர்ந்தவர், காற்றுக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும், வடக்கே திருப்ப வேண்டும் என்கிறார். குவீக்குக்குக் கப்பற்படையின் கட்டளை தெற்கே போவது, அவர் அதை விடுவதாக இல்லை. நோட்டில் ஒரு கப்பல் படம் போட்டு, காற்றுக்கு ஒரு அம்பு, தெற்குக்கு ஒரு அம்பு வரைந்துகொண்டால் ஒவ்வொரு வரியும் புரியும். மேடையில் இருக்கும் மற்றவர்களையும் பாருங்கள். காவல் அதிகாரி வில்லி. சுக்கான் பிடித்திருப்பவன் ஸ்டில்வெல். ஆம், கயிறு அறுந்த நாளில் இருந்த அதே ஸ்டில்வெல், இதற்கிடையில் குவீக்கிடம் வேறு என்னென்னவோ பட்டவன்.

முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். அடுத்த பகுதிக்குப் போகாமல், நோட்டை எடுத்து ஒரே வரி எழுதுங்கள்: மேரிக் செய்தது சரியா, தவறா? காரணம் வேண்டாம், தீர்ப்பு மட்டும். தேதி போடுங்கள்.

விசாரணை

தலைப்பில் ‘மியூட்டினி’, அதாவது கலகம், என்று இருந்தாலும் மேரிக் மேல் சாட்டப்படும் குற்றம் கலகம் அல்ல. ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் பங்கம் விளைவித்த நடத்தை என்பதுதான் குற்றச்சாட்டு. ஏன் அப்படி என்பதைத் தொடக்கத்திலேயே விளக்குகிறார்கள், தவறவிடாதீர்கள். வாள் உருவியோ, கேப்டனைச் சங்கிலியில் கட்டியோ நடந்த பழைய பாணிக் கலகத்தை இங்கே தேடக் கூடாது.

சட்டத்தின் மையம் கடற்படை விதிகளின் 184-வது பிரிவு. வோக் அதைப் புத்தகத்தின் முகப்பிலேயே கொடுத்திருக்கிறார், நாம்தான் தாண்டிப் போயிருப்போம். இப்போது திரும்பிப் போய்ப் படியுங்கள். அசாதாரணச் சூழ்நிலையில், கேப்டனை நோயாளிப் பட்டியலில் சேர்த்து அடுத்தவர் பொறுப்பேற்கலாம், ஆனால் மேலிடத்தைக் கேட்க வழியே இல்லாதபோது மட்டும் தன் பொறுப்பில் அதைச் செய்யலாம் என்கிற விதி. படிக்கப் படிக்க அது கதவு மாதிரியும் இருக்கும், பொறி மாதிரியும் இருக்கும். புயலுக்கு முன்பே மேலிடத்தைப் போய்ப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்ததே, அது எப்படிக் கைநழுவியது, யாரால் நழுவியது என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொரு சொல் குழப்பும். அன்றைய கடற்படை நீதிமன்றத்தில் ‘ஜட்ஜ் அட்வகேட்’ என்பவர் நீதிபதி அல்ல, அரசுத் தரப்பில் வழக்கை நடத்துபவர். மேரிக்குக்காக வாதாடுபவர் பார்னி கிரீன்வால்ட், கை வெந்து சிகிச்சையில் இருக்கும் விமானி, போருக்கு முன் வக்கீல். இந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்கத்தான் விருப்பம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு வழக்கை எடுக்கிறார். அந்த வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள்.

குறுக்கு விசாரணையை நான் விவரிக்கப் போவதில்லை, நீங்களே அனுபவிக்க வேண்டியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குவீக் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குள் யாருக்காக இதயம் அடிக்கிறது? அது பாதியில் மாறுகிறதா? எனக்கு மூன்றாவது வாசிப்பில்தான் மாறியது.

தீர்ப்போடு நிறுத்தாதீர்கள்

தீர்ப்பு வந்த அன்று இரவு ஒரு விருந்து இருக்கிறது. நாவலின் உண்மையான நீதிமன்றம் அதுதான். அங்கே கிரீன்வால்ட் குடித்துவிட்டுப் பேசும் பேச்சைப் படிக்கும் முன் ஒன்றை மனதில் இருத்துங்கள். அவர் யூதர். காலம் 1945-ன் தொடக்கம். ஐரோப்பாவில் அவர் இனத்தவர் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரம். வில்லியும் கீஃபரும் கல்லூரியிலும் விடுதியிலும் இருந்த வருடங்களில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு காவல் நின்றவர்கள் யார் என்ற கேள்வியை அவர் எழுப்புகிறார். தொடக்கத்தில் நான் சொன்ன அந்த இரண்டு சாதி அதிகாரிகள் விஷயம் இங்கேதான் வெடிக்கிறது.

இந்தப் பேச்சை ஏற்காதவர்கள் உண்டு. நானூறு பக்கம் ஒரு மோசமான தலைவரைக் காட்டிவிட்டுக் கடைசியில் அவருக்கே வக்காலத்து வாங்குகிறார் வோக், அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்கிறார் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. கப்பல் மூழ்கப்போகும் நேரத்தில் மேரிக் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதற்கு அந்தப் பேச்சில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் புயலுக்கு முந்தைய பதினைந்து மாதத்தில் அந்த வார்ட்ரூம் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், பதில் என் நோட்டின் மூன்றாவது பத்தி முழுக்க இருந்தது. நீங்கள் எழுதிவைத்த ஒருவரித் தீர்ப்பை இந்த இரவு எடுத்துப் பாருங்கள்.

ஏழாம் பகுதியைப் பலர் பின்னிணைப்பு மாதிரி நினைத்து விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. கப்பலுக்கு இன்னும் கேப்டன்கள் வருகிறார்கள். குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு காமிகாஸி விமானம், அதாவது ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் விமானம், வந்து மோதும் நாளில் பார்ப்பீர்கள். அப்பாவின் கடிதத்தில் செருகிய காகிதம் நினைவிருக்கிறதா? அதற்குத் திரும்பிப்போகும் நேரமும் இதுதான்.

அதற்குப் பிறகு

இப்போது படத்தைப் பாருங்கள். எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கியது. போகார்ட்டின் குவீக் நாவலின் குவீக்கைவிடக் களைத்தவர், பரிதாபத்துக்குரியவர். அந்த எஃகுக் குண்டுகள் கையில் உருளும் சத்தம் படத்தில் கேட்கும், அது புத்தகத்தால் தர முடியாதது. படத்தில் குவீக் அதிகாரிகளிடம் வந்து, கிட்டத்தட்டக் கெஞ்சும் தொனியில் ஆதரவு கேட்கும் காட்சி ஒன்று உண்டு. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தை மட்டும் இரண்டாம் தடவை ஓட்டிப் பாருங்கள். நாடக வடிவம் வேண்டுமானால், வில்லியம் ஃபிரீட்கின் கடைசியாக இயக்கி 2023-ல் வந்த படம் இருக்கிறது. கதையை இன்றைய காலத்துக்கு மாற்றி, பெரும்பாலும் ஒரே அறைக்குள் எடுத்திருக்கிறார்.

மறுவாசிப்புக்கு முழுப் புத்தகத்தையும் எடுக்க வேண்டியதில்லை. இழுவைக் கயிறு அறுந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். இந்த முறை குவீக்கையும் அர்பனின் சட்டையையும் விட்டுவிட்டு, சுக்கானைப் பிடித்திருக்கும் ஸ்டில்வெல்லின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே படியுங்கள்.